விலா வலிக்கு பெல்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். லாரியில் ஏற்றும்போது பலகையில் கால் சறுக்கி, வலது விலா பலகை விளிம்பில் மோதிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு எதுவும் தெரியவில்லை. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபி பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார்.

நான் உள்ளே வேறொருவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் வேலை பழக வந்திருக்கும் இரண்டு பேர் அதற்குள் ஆறு அங்குல கிரேப் பேண்டேஜைப் பிரித்து, அவர் மார்பைச் சுற்றிக் கதிர்க்கட்டை இறுக்குவதுபோல் இழுத்துக் கட்டிவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வாயைத் திறந்து குட்டிக் குட்டியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "இப்ப குத்தல் இல்லைங்க" என்றார். குத்தல் நின்றதற்குக் காரணம், மூச்சு உள்ளே போவதே நின்றிருந்தது.

படிப்பை முடித்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பெல்ட்டைத் தலைகீழாகப் போடுவது, பட்டை நைந்துபோனதை வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதெல்லாம் போட்டுப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இறுக்கினால் சீக்கிரம் கூடிவிடும் என்று நம்புவது

கை எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோம். அசையாமல் இருந்தால்தான் எலும்பு கூடும். அதே கணக்கை விலாவுக்கும் போடுவதில்தான் தப்பு தொடங்குகிறது. உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பத்துப் போட்டு, மேலே துணியைச் சுற்றி இறுக்கும் வழக்கம் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளிலேயே மார்பைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி இறுக்கினார்கள். நுரையீரலுக்கு அது செய்யும் கெடுதலைப் பார்த்த பிறகு கைவிட்டார்கள்.

விலா எலும்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டியது. நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். குறைந்தபட்சக் கணக்கிலேயே ஒரு நாளைக்கு 17,000 தடவைக்கு மேல். மேல் விலாக்கள் அடிபம்பின் கைப்பிடிபோல முன்பக்கம் ஏறி இறங்கும். கீழ் விலாக்கள் வாளியின் பிடியைத் தூக்கினாற்போலப் பக்கவாட்டில் விரியும். அந்த விரிவில்தான் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்று போகிறது. சுற்றி இறுக்கினால் மூச்சு மேலோடு நின்றுவிடும், அடியில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அங்கே சேரும் சளி வெளியே வர இருமல் வேண்டும். இருமலுக்கு முதலில் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். அதற்குக் கட்டு விடாது. சளி தேங்கிக் கிருமி பெருகினால் நிமோனியாதான்.

எனக்கு இதைப் புரியவைத்தவர் என் சித்தப்பா. அப்போது அவருக்கு 67 வயது. ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கி, தோளில் இருந்த மண்வெட்டியின் பிடிமேலேயே விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நானே கட்டினேன். ஊரில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நம் வீட்டுப் பிள்ளை படித்த படிப்பு உதவுகிறது என்று. சாயங்காலம் ஆனால் "இன்னும் கொஞ்சம் இறுக்குடா" என்பார், நானும் இறுக்குவேன். ஐந்தாம் நாள் காய்ச்சல். ஆறாம் நாள் காலையில் சித்தியைக் கூப்பிட்டுக் காபி கேட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். உதடு நிறம் மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றும் பேசாமல் கத்தரிக்கோலை எடுத்து என் கட்டை வெட்டி எடுத்தார். தோலில் பேண்டேஜின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. 11 நாள் ஆக்சிஜன், ஊசி. பில் கட்டக் கறவை மாடு ஒன்றை விற்றோம். அவர் பிழைத்து வந்தார், ஆனால் அந்தச் சம்பாவுக்கு வயலில் இறங்க முடியவில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இறுக்கிய கட்டோடு ஒருவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கட்டியவர்மேல் மட்டும் இல்லை, "நல்லா இறுக்கிப் போடுங்க, சரியாயிடும்" என்று பெல்ட்டை எடுத்து நீட்டும் கடைக்காரர்மேலும்.

அப்புறம் பெல்ட் எதற்கு? பஸ்ஸில் குலுங்கிப் போக வேண்டியிருக்கிறது, கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்றால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு தாங்கல். ஒரு மணி, இரண்டு மணி நேரம் போதும். உண்மையில் வேலை செய்வது, டாக்டர் சொன்ன வலி மாத்திரையை நேரம் தவறாமல் போடுவதும், விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை பத்து மூச்சு ஆழமாக இழுத்து விடுவதும்தான். இருமல் வந்தால் அடக்க வேண்டாம். தலையணையையோ மடித்த துண்டையோ வலிக்கும் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

பெல்ட் இறுக்கமா என்று பார்க்க நான் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். போடுவதற்கு முன் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்வேன். போட்ட பிறகு மறுபடி எண்ணச் சொல்வேன். எண்ணிக்கை குறைந்தால் தளர்த்த வேண்டும். தளர்த்தியும் குறைந்தால் அவருக்குப் பெல்ட்டே வேண்டாம். அந்த மூட்டை தூக்குபவர் கட்டோடு 11 வரைதான் எண்ணினார். பிரித்த பிறகு, வலியோடு, 23.

வயதானவர்கள், ஆஸ்துமாக்காரர்கள், பல வருடம் பீடி சிகரெட் பிடித்தவர்கள், ஒன்றுக்கு மேல் விலா முறிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் பெல்ட்டைத் தொடவே வேண்டாம்.

இடுப்பு பெல்ட்டை மேலே ஏற்றிக் கட்டுவது

கடையில் "வலிக்கு ஒரு பெல்ட்" என்று கேட்டால் பெரும்பாலும் இடுப்பு பெல்ட்தான் கைக்கு வரும். அதன் முதுகுப் பக்கம் நெட்டுக்குத்தாகப் பட்டைகள் தைத்திருப்பார்கள். உட்கார்ந்தால் அவை அடிபட்ட விலாவிலேயே போய் முட்டும். பிரசவத்துக்குப் பிறகு போடும் வயிற்று பெல்ட்டும் இதற்கு ஆகாது. அது வயிற்றை உள்ளே அழுத்துவதால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் போகும். அதனால் மூச்சு இன்னும் சுருங்கும்.

கேட்க வேண்டியது ரிப் பெல்ட். கிட்டத்தட்ட ஆறு அங்குல அகலம், உள்ளே பட்டை எதுவும் இல்லாத மெத்தென்ற எலாஸ்டிக், முன்பக்கம் வெல்க்ரோ. பெண்களுக்கு மார்புக்குக் கீழே வளைத்து வெட்டியது தனியாகக் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட்டு வீட்டு ஆண்களை அனுப்பினால் அளவும் வடிவமும் தப்பாகத்தான் வருகிறது.

சட்டை சைஸ் சொல்லி வாங்குவது

வலிக்கும் மட்டத்தில், பனியன்மேல், சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் டேப்பால் அளக்க வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுங்கள்.

வெறும் உடம்பில் போடுவது

நம் டெல்டாப் புழுக்கத்தில் இரண்டே நாளில் வேர்க்குரு வந்துவிடும். உள்ளே பருத்தி பனியன் கட்டாயம். களத்தில் நிற்பவர்களுக்கு இன்னொன்று: வெல்க்ரோவில் நெல் சுணை ஏறினால் பிடிப்பும் போய்விடும், அரிப்பும் தாங்காது.

பெல்ட்டோடு தூங்குவது

கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள்.

என்ன வலி என்று பார்க்காமலே போடுவது

கும்பகோணத்திலிருந்து ஒரு அம்மா பெல்ட்டோடுதான் வந்தார். கீழே விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. முதுகிலிருந்து முன்பக்கம்வரை ஒரே பக்கமாகப் பட்டைபோல் எரிச்சல், புடவை பட்டாலே தாங்க முடியவில்லை. பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் சிவந்த தோலில் வரிசையாகச் சின்னக் கொப்புளங்கள். அக்கி. கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடும், அதனால்தான் விலா வலி என்று நினைத்துவிடுகிறார்கள். காவி எழுதப் போவதில் நாளைக் கடத்தாதீர்கள். கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் வலி இருந்தால் பெல்ட் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விழுந்த பிறகு மூச்சுத்திணறல், சளியில் ரத்தம், காய்ச்சல், மயக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கீழ் விலாவில் பலமான அடி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இடது பக்கம் அதற்கு உள்ளே மண்ணீரல், வலது பக்கம் கல்லீரல்.

பெல்ட் இருக்கிறதே என்று வேலைக்குக் கிளம்புவது

விலா கூட ஆறு வாரம் போல ஆகும். சன்னமான விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம் என்பதால், முறிவு இல்லை என்று சொன்னாலும் வலி தீரும்வரை கனம் தூக்கக்கூடாது. நெல் சிப்பம் ஒன்று 40 கிலோ. தோளில் ஏற்றும்போது உடம்பு திரும்பும் அந்தத் திருப்பத்தை எந்தப் பெல்ட்டும் தடுக்காது.

அந்த மூட்டைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "சீசன்ல உக்காந்தா வீட்டுல உலை எப்படிங்க கொதிக்கும்" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. பேண்டேஜைக் கட்டிய இரண்டு பேரையும் அவர் பக்கத்திலேயே உட்காரவைத்து, பத்து மூச்சையும் அவரோடு சேர்ந்து எண்ணச் சொன்னேன். ஏழாவது மூச்சில் இருமல் வந்தது. துண்டை மடித்து விலாவில் அழுத்திக்கொண்டு இருமினார், கெட்டியாகச் சளி வந்தது.

நேற்று போன் செய்தார். மேஸ்திரியிடம் பேசி, தூக்குவதை விட்டுச் சாக்கு தைக்கும் வேலையைக் கேட்டு வாங்கிவிட்டாராம். மத்தியானம்வரை பெல்ட் இல்லாமலே உட்கார முடிகிறது என்றார்.