முருங்கை விதையும் ஐந்து பாட்டில்களும்: கண்காட்சி மேசையை அமைக்கும் விதம்

அறிவியல் கண்காட்சிக்கு நான் முதன்முதலாக மாணவர்களை அழைத்துப்போனபோது எங்கள் கையில் இருந்தது தெர்மாகோலில் செய்த அணை. பஸ்ஸிலேயே மதகு உடைந்துவிட்டது. ஒட்டி நிறுத்தினோம். வந்தவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். பக்கத்து மேசையில் ஒரு சிறுமி நான்கு எலுமிச்சம்பழம், செப்புக் கம்பி, துத்தநாக ஆணி மட்டும் வைத்திருந்தாள். கம்பியைச் செருகும் வேலையை வருகிறவர்களிடமே கொடுத்தாள். குட்டி எல்.இ.டி. விளக்கு எரிந்தது. கூட்டம் முழுவதும் அங்கேதான்.

அன்று முதல் மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது: வருகிறவர் கைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்?

சென்ற முறை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் மூவர் "நீர் மாசு" என்று வந்து நின்றார்கள். அது பாடத்தின் பெயர். இரண்டு நாள் பேசிப் பேசி, "முருங்கை விதை கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்குமா?" என்று சுருக்கினோம். தலைப்பு இப்படிக் கேள்வியாகிவிட்டால், மேசைக்கு எது தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும். ஆறு சார்ட்டுகளில் ஐந்து அன்றே வீட்டுக்குத் திரும்பின.

செய்முறை எளிது. காய்ந்த விதையின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை இடித்துப் பொடியாக்க வேண்டும். ஒரு லிட்டர் கலங்கல் நீருக்கு இரண்டு விதை எடுத்துக்கொண்டோம். பொடியைச் சிறிது நல்ல தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கிவிட்டு, அசைக்காமல் வைக்க வேண்டும். விதையின் புரதம் நேர்மின்னூட்டம் உடையது. களிமண் துகள் எதிர்மின்னூட்டம் உடையது. இரண்டும் பற்றித் திரண்டு, கனம் கூடி, அடியில் படிகின்றன.

முதல் ஒத்திகையில் மூக்குடைபட்டோம். விதை போட்ட தண்ணீரும் போடாத தண்ணீரும் ஒரே மாதிரி தெளிந்தன! மண்ணில் மணல் அதிகம். அது தானாகவே படிந்துவிட்டது. பிறகு, மண்ணைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, மேலே நிற்கும் கலங்கலை மட்டும் எடுத்தோம். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. ஒத்திகையை முந்தின நாள் வைக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே வையுங்கள்.

அடுத்த சிக்கல் நேரம். தண்ணீர் தெளிய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். பார்க்க வருகிறவரோ ஒரு நிமிடம் நின்றால் அதிகம். அதனால்தான் ஐந்து பாட்டில்கள். முதலாவது இரண்டு மணி நேரத்துக்கு முன் கலக்கியது, அடுத்தது ஒரு மணி, அடுத்தது அரை மணி, நான்காவது இப்போது வருகிறவர் கையால் கலக்குவது. ஐந்தாவதில் விதை இல்லை. மற்றபடி இரண்டு மணி நேரத்துக்கு முன் அதே மாதிரி கலக்கியது. நடுவர்கள் முதலில் தேடுவது இந்த ஐந்தாவதைத்தான். பாட்டிலில் "ஒரு மணி நேரம்" என்று எழுதாதீர்கள். அடுத்த அரை மணியில் அது பொய்யாகிவிடும். கலக்கிய நேரத்தை, "10.15" என்று, எழுதி ஒட்டுங்கள். பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு செய்தித்தாள் துண்டு. எந்தப் பாட்டில் வழியாக எழுத்தைப் படிக்க முடிகிறது என்று எல்லோரும் தாமாகவே குனிந்து பார்த்தார்கள்.

கலக்கும் முன் ஒரு புளியங்கொட்டை கொடுத்தோம். "தெளியும்", "தெளியாது" என்று இரண்டு டப்பாக்கள். ஏதாவது ஒன்றில் போட வேண்டும். பந்தயம் கட்டியவர் முடிவைப் பார்க்காமல் போகமாட்டார். மதியம் திரும்பி வந்து தம் பாட்டிலைத் தேடியவர்களும் உண்டு.

சார்ட் ஒன்று போதும். ஆறடி தூரத்தில் நின்று படிக்க முடியவேண்டும். முடியாவிட்டால் வாக்கியத்தை வெட்டுங்கள். பாட்டில்களைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் பெரியவர்கள் முதுகு வளைக்க வேண்டாம். ஆனால் ஆறாம் வகுப்புக் குழந்தையின் கண்ணுக்கும் எட்டவேண்டும். "தெளிந்தாலும் கிருமி இருக்கலாம், குடிக்காதீர்கள்" என்ற அட்டை கட்டாயம். எங்கள் மேசையில் ஒருவர் டம்ளர் கேட்டார்.

பேச்சை மனப்பாடம் செய்ய விடாதீர்கள். நடுவில் கேள்வி கேட்டால் "அனைவருக்கும் வணக்கம்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கிய பையனை நான் பார்த்திருக்கிறேன். பாவம், அவன் தவறல்ல. வீட்டில் பாட்டியிடம் விளக்கிவிட்டு வா என்று அனுப்புங்கள். பாட்டி கேட்கும் கேள்விகளை எழுதிக்கொண்டு வரட்டும். அப்படித்தான் ஒருத்தி தேற்றாங்கொட்டையோடு வந்தாள். முருங்கை எதற்கு, பானையின் உள்பக்கத்தில் இதை உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று பாட்டி கேட்டாராம். ஆறாவது பாட்டில் வைத்தோம். அதன் முன்னால்தான் வயதானவர்கள் அதிக நேரம் நின்று, மாணவிகளுக்குப் பாடம் நடத்தினார்கள்.

ஒரு பையில் கத்தரிக்கோல், நூல், ஒட்டும் டேப், பழைய துணி இரண்டு, உதிரிப் பாட்டில் ஒன்று. வாளி தனி. துணியை மறந்துவிடாதீர்கள், தண்ணீர் நிச்சயம் கொட்டும்.