புதிய இணையதளத்துக்கு இணைப்புகளை விலைக்கு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புதிதாகத் தொடங்கிய இணையதளம் தேடல் முடிவுகளில் எங்கும் தென்படாத முதல் சில மாதங்களில், பிற தளங்களின் பக்கங்களிலிருந்து அத்தளத்துக்கு வரும் இணைப்புகளை (லிங்க்) விற்பவர்களின் மின்னஞ்சல்கள் அதன் உரிமையாளருக்குத் தவறாமல் வந்து சேரும். நூற்றுக்கணக்கான தளங்களிலிருந்து இணைப்பு, சில வாரங்களில் முதல் பக்கம், நிறைவில்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும் என்பவையே அவற்றின் வழக்கமான வாசகங்கள். கூகுளின் முடிவுகளில் இடத்தை உறுதிசெய்து தரும் அதிகாரம் கூகுளுக்கு வெளியே எவருக்கும் இல்லை என்பதால், அந்த இரண்டாவது வாக்குறுதி ஒன்றை வைத்தே பெரும்பாலான மின்னஞ்சல்களைக் கழித்துவிடலாம். எஞ்சியவற்றைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

ஒரு தளம் இன்னொரு தளத்துக்குத் தரும் இணைப்பைப் பரிந்துரையாகக் கொண்டு பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறையைக் கூகுளின் நிறுவனர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும் 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முன்வைத்தார்கள். பரிந்துரைக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் அதை விற்பவர்கள் தோன்றினார்கள். அவர்களைத் தடுக்கும் ஏற்பாடுகளும் அடுத்தடுத்து வந்தன. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்னும் மாற்றம், செயற்கையான இணைப்புகளைக் கொண்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் அது பக்கங்களைத் தரவரிசைப்படுத்தும் கூகுளின் அடிப்படைக் கணிப்புமுறையிலேயே (அல்காரிதம்) இணைக்கப்பட்டு, தளத்தைத் தண்டிப்பதைவிட அத்தகைய இணைப்புகளின் மதிப்பை நீக்கும் முறைக்கு மாறியது. 2022 டிசம்பர் முதல், இணைப்பு வாங்கும் தளங்களையும் விற்பதற்கென்றே நடத்தப்படும் தளங்களையும் கண்டறிய ஸ்பேம்பிரெய்ன் என்னும் செயற்கை நுண்ணறிவு அமைப்பு பயன்படுத்தப்படுகிறது.

தண்டனை குறைந்துவிட்டது என்பதால் ஆபத்தும் குறைந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். என் கணிப்பில், புதிய தளத்துக்கு இந்த ஓசையற்ற புறக்கணிப்புதான் பெரிய இழப்பு. தண்டனை வந்தால் அறிவிப்பாவது வரும். மதிப்பு நீக்கப்பட்ட இணைப்பைப் பற்றி எவரும் எதுவும் தெரிவிப்பதில்லை. விற்றவர் அனுப்பும் அறிக்கையில் இணைப்புகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். தளத்துக்கு வருவோர் எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நிற்கும். இன்னும் கொஞ்சம் வாங்கினால் பலன் தெரியும் என்ற ஆலோசனையும் உடன் வரும். முதல் சில வாரங்களில் தரவரிசை சற்று உயர்ந்தாலும், கண்டறியப்பட்ட நாளில் அந்த உயர்வு போய்விடும். இணைப்புகளால் கிடைத்த பலன் நீக்கப்பட்டபின் அதை மீண்டும் பெற முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

மறுபுறம், கூகுள் ஊழியர் ஒருவர் நேரடியாக ஆராய்ந்து எடுக்கும் நடவடிக்கையும் இன்றுவரை தொடர்கிறது. 2011 பிப்ரவரியில், ஜேசி பென்னி என்னும் அமெரிக்க அங்காடி நிறுவனத்தின் தளத்துக்குத் தொடர்பே இல்லாத ஏராளமான பக்கங்களிலிருந்து இணைப்புகள் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று, பயணப்பெட்டி தொடர்பான ஒரு தேடலில் முதலிடத்தில் இருந்த அத்தளம் இரண்டு மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. தனக்கு இது தெரியாது என்று கூறிய நிறுவனம், தன் தேடல் ஆலோசனை நிறுவனத்தை விலக்கியது. 2012 ஜனவரியில், விளம்பரப் பதிவு ஒன்றில் விதிக்கு மாறான இணைப்பு இருந்ததற்காகக் கூகுள் தன் சொந்த குரோம் பக்கத்தையே தரவரிசையில் இறக்கியது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெயர் பெற்ற நிறுவனத்தைத் தேடல் கைவிட்டாலும் அதன் பெயரை நேராகத் தட்டச்சு செய்து வருபவர்கள் இருப்பார்கள். புதிய தளத்துக்கு அந்த ஆதரவு கிடையாது.

ஒரு சலுகையை ஆராயும்போது விற்பவர் காட்டும் மதிப்பெண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். டொமைன் அத்தாரிட்டி, டொமைன் ரேட்டிங் ஆகியவை மாஸ், ஏரெஃப்ஸ் போன்ற தனியார் நிறுவனங்களின் கணிப்புகள். கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை, செயற்கையாக அவற்றை உயர்த்துவதும் கடினமன்று. அதற்குப் பதிலாக, மாதிரிக்கு மூன்று தளங்களின் முகவரியைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் அண்மைய பத்துக் கட்டுரைகளைத் திறந்து பாருங்கள். முதல் கட்டுரை பல் சிகிச்சை பற்றியும், அடுத்தது இணையச் சூதாட்டம் பற்றியும், மூன்றாவது வீட்டுக்கடன் பற்றியும் இருந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஏதோ ஒரு வணிகத் தளத்துக்கு ஒரே ஓர் இணைப்பு மட்டும் செருகப்பட்டிருந்தால், அது வாசகருக்காக நடத்தப்படும் தளம் அன்று. எழுதியவரின் பெயர் இருக்கிறதா, அந்தப் பெயருக்குரியவர் வேறெங்காவது எழுதியிருக்கிறாரா என்றும் பாருங்கள். பிறகு தளத்தின் பெயரைக் கூகுளில் தேடுங்கள். தன் பெயருக்கே தென்படாத தளம் பிறரை உயர்த்தப் போவதில்லை. முகவரிகளை முன்கூட்டியே தர மறுப்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

இணைப்பு எந்தச் சொற்களின் மீது வைக்கப்படுகிறது என்பதும் காட்டிக்கொடுக்கும். காலணி விற்கும் தளத்தைத் தாமாகக் குறிப்பிடுபவர்கள் அதன் பெயரையோ முகவரியையோ ‘இந்தப் பக்கம்’ என்பதையோதான் இணைப்பாக இடுவார்கள். ‘குறைந்த விலையில் தோல் காலணி வாங்க’ என்ற தொடரை நாற்பது தளங்கள் ஒரே மாதத்தில் எழுத்துப் பிசகாமல் எழுதமாட்டார்கள். பழைய தளத்தில் வேறு நூற்றுக்கணக்கான இயல்பான இணைப்புகளுக்கிடையே இது மறைந்துபோகக்கூடும். புதிய தளத்தில் மறைவதற்கு இடமே இல்லை.

பணம் கைமாறவில்லை என்பதால் மட்டும் இணைப்பு விதிக்குள் அடங்கிவிடாது. பொருளை இலவசமாகக் கொடுத்து அதற்கு ஈடாகப் பெறும் இணைப்பும், அளவுமீறிய பரிமாற்றமும் கூகுளின் விதிகளில் அதே வகையைச் சேர்ந்தவை. தள மேம்பாட்டை ஒரு முகமையிடம் ஒப்படைத்திருந்தால், பெறப்படும் ஒவ்வோர் இணைப்பின் முகவரியும் மாதந்தோறும் பட்டியலாகத் தரப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள், ஏனெனில் அவர்கள் வாங்கியதன் விளைவு உங்கள் தளத்தின் மீதுதான் விழும். பிறர் பயன்படுத்திக் கைவிட்ட டொமைன் பெயரை வாங்குவதற்கு முன்பும் அதற்குரிய பழைய இணைப்புகளைப் பார்த்துவிடுவது நல்லது.

பணம் கொடுத்து இன்னொரு தளத்தில் இடம்பெறுவதே குற்றம் என்று இதற்குப் பொருளன்று. விளம்பரத்துக்காகப் பெறும் இணைப்பின் நிரலில், ரெல் என்னும் பண்பில் ஸ்பான்சர்டு அல்லது நோஃபாலோ என்ற மதிப்பு இடம்பெற்றிருந்தால் போதும். முன்னது 2019இல் இதற்காகவே அறிமுகமானது. பின்னது 2005இல் கருத்துப் பகுதிகளில் இடப்படும் குப்பை இணைப்புகளைத் தடுக்க அறிமுகமாகி, பிறகு இதற்கும் பயன்பட்டது. அவ்வாறு குறிக்கப்பட்ட இணைப்பு தரவரிசையை உயர்த்துவதற்கானது அன்று, ஆனால் அதைச் சொடுக்கி வருபவர் மெய்யான வாசகர். அந்த வாசகருக்காக மட்டும் கேட்கும் விலையைக் கொடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லை என்றால் வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில், கூகுள் தள உரிமையாளர்களுக்குத் தரும் சர்ச் கன்சோல் என்னும் கருவியில், ஊழியர் எடுத்த நடவடிக்கைகளை அறிவிக்கும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் என்ற பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே அறிவிப்பு ஏதும் இல்லாமல், வாங்கியதும் ஒரு சில இணைப்புகள் மட்டுமே என்றால், மேலும் வாங்குவதை நிறுத்திவிட்டு அப்படியே விட்டுவிடலாம். அறிவிப்பு இருந்தால், இணைப்புகளின் பட்டியலை அதே கருவியிலிருந்து தரவிறக்கி, அந்தந்தத் தளத்தாருக்கு எழுதி அவற்றை நீக்கச் சொல்ல வேண்டும். பதில் தராதவர்களின் தளங்களை குறிப்பிட்ட இணைப்புகளைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் தெரிவிக்கும் டிசவோ கருவி வழியாக விலக்கலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு வரிக்கு ஒரு முகவரி அல்லது ஒரு டொமைன் என எழுதப்பட்ட எளிய உரைக்கோப்பு. புதிய கோப்பு பழையதை முற்றிலும் அகற்றிவிட்டு அதன் இடத்தில் அமரும் என்பதால், முந்தைய வரிகளையும் சேர்த்தே பதிவேற்ற வேண்டும். பிழையாக நல்ல இணைப்புகளையும் விலக்கிவிட்டால் உள்ளதும் போய்விடும். அதனால் தானியங்கிக் கருவி தரும் ‘நச்சு இணைப்பு’ப் பட்டியலை அப்படியே ஏற்றிவிடாதீர்கள்.

அதன்பின் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனைக் கோரிக்கையில், எந்த இணைப்புகளை வாங்கினீர்கள், எவற்றை நீக்கினீர்கள், யாருக்கெல்லாம் எழுதினீர்கள் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். பதில் வரச் சில நாட்களோ சில வாரங்களோ ஆகலாம். கோரிக்கை ஏற்கப்பட்ட பிறகும் தளம் பழைய இடத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த இடத்துக்கு அதைத் தூக்கிய இணைப்புகள் இப்போது கணக்கில் இல்லை.