உரோமப் படையின் ஓரிரவு முகாமைச் செய்மதிப் படத்தில் இனங்காணுதல்

திருகோணமலையில் இருந்தபடியே வட பிரித்தானியாவின் உரோம முகாம்களைத் தேட விரும்புவோர், முதலில் நமது பிரெட்றிக் கோட்டையை மனத்திலிருந்து அகற்றிவிட வேண்டும்; அது நிலைத்து நிற்கக் கல்லாற் கட்டியது, இவையோ வழிச்செல்லும் படை ஓரிரு இரவு தங்குவதற்காக வெட்டிய அகழியும் அந்த மண்ணாலேயே எழுப்பிய வரம்பும் மட்டுமே.

படத்தில், விளையாட்டுச் சீட்டைப் போல மூலைகள் வளைந்த நீள்சதுரத்தைத் தேடுங்கள். நேர்கோடு மட்டும் போதாது, வயல் எல்லையும் நேராகவே ஓடும். வாயில் இடைவெளிக்கு எதிரே தனித்த சிறு அகழித்துண்டு தெரிந்தால் ஐயம் பெரும்பாலும் நீங்கும். உழுத நிலத்திற்கு வறண்ட கோடைப் படங்களைத் தெரிவுசெய்யுங்கள். தூர்ந்த அகழியின் ஆழ்மண் ஈரத்தைத் தேக்குவதால் அதன்மேற் பயிர் கூடுதற் பசுமையாக நிற்கும். பயிற்சிக்கு ஸ்டெயின்மோர் கணவாயின் ரே குறொஸ் முகாம் ஏற்றது. இன்றைய ஏ66 வீதி அதனை ஊடறுத்தே செல்கிறது.