'மேக் மீ ஹேப்பி': ஆளை நடுவில் வையுங்கள்

'அவன் என்னைக் கோபப்படுத்தினான்' என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பெரிய வினைச்சொல் எதையும் தேட வேண்டாம், 'ஹி மேட் மீ ஆங்ரி' போதும். முதலில் வினை, அடுத்து மீ, ஹிம், ஹெர், இட், தெம் போன்ற ஒரு சொல், கடைசியில் பெயரடை. 'கீப் இட் க்ளீன்', 'ஐ ஃபவுண்ட் இட் ஈஸி' எல்லாம் இதே அச்சுதான்.

நம்மில் பலர் வழுக்குவது கடைசிச் சொல்லில். 'மேக் ஹிம் ஹேப்பிலி' என்று ஒரு 'லி'யை ஒட்டிவிடுவார்கள், அது கூடவே கூடாது, ஏனென்றால் அந்தச் சொல் செய்யும் விதத்தைச் சொல்லவில்லை, அவன் எப்படி ஆனான் என்பதைச் சொல்கிறது. நடுவில் 'டு பி'யும் வேண்டாம்.

அப்புறம் இதே அச்சில் வரும் 'ட்ரைவ்' என்ற வினை கொஞ்சம் முரண்டு பிடிக்கும்: 'ட்ரைவ் மீ க்ரேஸி' சரி, 'ட்ரைவ் மீ ஹேப்பி' என்று யாரும் சொல்வதில்லை.