மெஷின் வாங்கும் முன் வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

திருப்பூரில் சொந்தப் பெயரில் சின்ன நிட்டிங் யூனிட் நடத்துகிறவர்கள், புது மெஷின் போட யோசிக்கும்போது "சராசரியாக வருஷம் 12 லட்சம் நிற்கும்" என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு உதைப்பது அங்கேதான்.

ஒரு தாளில் நல்ல வருஷம், மோசமான வருஷம் என்று இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இப்போது ஜாப் ஒர்க்கில், அதாவது அடுத்தவர் ஆர்டருக்குக் கூலிக்கு ஓட்டித் தருவதில், நிச்சயமாக 12 லட்சம் லாபம் வருகிறது, வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் தள்ளுபடி போக வரி பூஜ்யம். மெஷின் போட்டு நீங்களே ஆர்டர் பிடித்தால் ஒரு வருஷம் 24 லட்சம், அடுத்த வருஷம் ஒன்றுமே இல்லை. சராசரி அதே 12தான், ஆனால் 24 லட்சத்துக்கு செஸ்ஸோடு (வரிமேல் போடும் கூடுதல் வரி) 3,12,000 ரூபாய் வரி, கையில் எதுவும் நிற்காத வருஷத்தில் அரசாங்கம் அதில் ஒரு பைசாகூடத் திருப்பித் தராது. பழைய நிலைமைக்குச் சமமாக வரவே நல்ல வருஷத்தில் சுமார் 28.5 லட்சம் வேண்டும். அவ்வளவு வருமா என்பதுதான் கேள்வி, 24 வருமா என்பது அல்ல.

சரி, நஷ்டமே வந்தால்? ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் வியாபார நஷ்டத்தை 8 வருஷம் வரை முன்கொண்டு செல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 5 லட்சம் நஷ்டத்துக்கு அடுத்த வருஷம் 12 லட்சம் லாபம் வந்தால், அதில்தான் கழித்தாக வேண்டும். எப்படியும் வரி இல்லாத வருமானத்தில் கழித்து என்ன பிரயோஜனம்? அதே 5 லட்சத்தை 24 லட்சத்தில் கழிக்க வாய்த்திருந்தால் 1,24,800 ரூபாய் மிச்சம்.

தேய்மானமும், அதாவது மெஷின் விலையில் வருஷாவருஷம் லாபத்தில் கழித்துக்கொள்ளும் பங்கும், இப்படித்தான். மெஷினுக்கு 15 சதவீதம், அக்டோபர் முதல் வாரம் தாண்டி ஓட ஆரம்பித்தால் அந்த வருஷம் பாதிதான். மேல் ஸ்லாபில் (வரி விகிதம் அதிகமான வருமானப் படியில்) இருக்கும் வருஷத்தில்தான் அதற்கு மதிப்பு. மார்ச் கடைசியில் வரி மிச்சம் என்று அவசர அவசரமாக வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பார்ட்னர்ஷிப் என்றால் ஸ்லாப் கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அது வேறு கணக்கு.

அப்புறம், இரண்டு மெஷின் தேவைப்பட்டால் ஒன்றை மட்டும் முதலில் போடுங்கள். இரண்டாவது மெஷினுக்கு வேண்டிய ஆர்டர் உறுதியாகும்வரை அதற்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.