சைக்கிளுக்குக் காற்றில்லா டயர் மாட்டுவது எப்படி?

கருவேல முள் கிடக்கும் பாதையில் தினமும் பள்ளிக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்குக் காற்றில்லா டயர் பெரிய நிம்மதி. டியூப் இல்லை, பஞ்சரும் இல்லை. பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள் வைத்த ரப்பர் டயரை வாங்குங்கள். முதலில் பின்சக்கரத்துக்கு மட்டும் போதும். முன்சக்கரத்தில் காற்று இருந்தால் கை அதிகம் அதிராது.

படி 1: அளவு

இதில் அவசரமே வேண்டாம். சாதாரண டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே இருக்கும் காற்று. இங்கே டயரின் இறுக்கம்தான் பிடி. அளவு பிசகினால் ஒன்று ஏறாது, இல்லையென்றால் ஓடும்போது கழன்றுவிடும்.

பழைய டயரின் பக்கத்தில் 40-635 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். கடையில் "26 இன்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். 26 x 1.95 டயருக்கு அந்த விட்டம் 559, 26 x 1 3/8 டயருக்கு 590. ஒன்றுக்கு ஒன்று சேராது. ரிம்மின் உள் அகலத்தையும் அளந்து கொண்டுபோங்கள்.

படி 2: கழற்றுவது

சக்கரத்தைக் கழற்றி, டயரையும் டியூபையும் எடுத்துவிட்டு ரிம்மில் உள்ள துருவைத் தேய்த்து எடுங்கள். ஆடும் ஸ்போக் கம்பி இருந்தால் இப்போதே முறுக்கிவிடுங்கள், ஏனென்றால் இனி ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகக் கம்பிகளுக்குத்தான் போகும்.

படி 3: மாட்டுவது

புது டயரை நல்ல வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள், இளகும். ஓர் இடத்தில் ரிம்முக்குள் அழுத்தி, டயரையும் ரிம்மையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டே போய், நடுநடுவே கட்டுங்கள். கடைசி ஒரு சாண்தான் படுத்தும். ஒருவர் சக்கரத்தைப் பிடிக்க, இன்னொருவர் டயர் லீவரால் நெம்பினால் ஏறிவிடும். சோப்புத் தண்ணீர் தடவலாம். எண்ணெய் கூடவே கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

படி 4: சோதிப்பது

கட்டுகளை அவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். எங்காவது மேடு தெரிந்தால் அங்கே விளிம்பு உள்ளே உட்காரவில்லை. அப்புறம் டயரையும் ரிம்மையும் சேர்த்துச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மெதுவாக ஓட்டி பிரேக் பிடியுங்கள். கோடு விலகியிருந்தால் டயர் வழுக்குகிறது, அதில் போகாதீர்கள்.

மிதிக்கக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், ரப்பர் அமுங்கி எழும்போது நம் உழைப்பில் ஒரு பங்கு சூடாகிப் போகிறது. குலுக்கலும் கூடும். 1887-88 வாக்கில் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தது இந்தக் குலுக்கலைக் குறைக்கத்தான். நெடுந்தூரம் போகிறவர்கள் காற்று டயரையே வைத்துக்கொண்டு, டியூபுக்கும் டயருக்கும் நடுவே முள் தடுக்கும் பட்டை போடலாம்.