செப்சிஸ் ஆய்வுக்குக் கல்லீரல் சைனுசாய்டு செல்களைப் பிரித்தெடுத்துச் சோதிக்கும் முறை

கல்லீரலின் சைனுசாய்டுகள் எனும் நுண்குழாய்களுக்கு உள்சுவராக இருக்கும் எண்டோதீலியல் செல்கள், குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியே வரும் எல்பிஎஸ்ஸை (பாக்டீரியா சுவரின் நச்சுப்பொருள்; எண்டோடாக்ஸின் என்பதும் இதுவே) அன்றாடம் எதிர்கொள்பவை. ஸ்டாபிலின், மேனோஸ் ரிசெப்டர் என்ற மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு ரத்தத்திலுள்ள கழிவை விழுங்குகின்றன. செப்சிஸில் (தொற்றுக்கு உடல் கட்டுமீறிப் பதிலளித்து உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துகின்றன. இதை டிஷ்ஷில் காட்ட முயலும்போது பலர் அளந்து முடிப்பது கல்லீரலின் மேக்ரோஃபேஜான குப்ஃபர் செல்லின் பதிலைத்தான். அதுவும் இல்லையென்றால் திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியோடு வந்த எண்டோடாக்ஸினின் விளைவை.

முதலில் நொதி. கச்சா கொலாஜினேஸில் எண்டோடாக்ஸினும் இருக்கும், செல் மேற்பரப்பு ரிசெப்டர்களைச் சீவிவிடும் புரோட்டியேஸ்களும் இருக்கும். எண்டோடாக்ஸின் குறைந்த சுத்திகரித்த வகையையே வாங்குங்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால் பின்னால் வரும் எந்தத் தரவையும் நம்ப முடியாது.

நெறிக்குழு அனுமதி பெற்ற சுண்டெலியை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து, போர்ட்டல் சிரையில் 22 அல்லது 24 கேஜ் கேனுலாவைச் செருகிக் கீழ்ப்பெருஞ்சிரையை வெட்டுங்கள். கால்சியத்தைப் பற்றும் இஜிடிஏவை 0.5 மில்லிமோலார் கலந்த, கால்சியம் இல்லாத பஃபரை நிமிடத்துக்கு 5 மி.லி. வீதம் 5 நிமிடம் செலுத்துங்கள். கல்லீரல் சில நொடிகளில் வெளுக்க வேண்டும். திட்டுத்திட்டாக வெளுத்தால் உள்ளே காற்றுக்குமிழி போயிருக்கிறது, அல்லது கேனுலா ஒரு கிளைக்குள் நுழைந்திருக்கிறது. அடுத்து, கால்சியம் சேர்த்த கொலாஜினேஸ். கேனுலா முனையில் 37 டிகிரி இருக்க வேண்டுமென்பதால் நீர்த்தொட்டியை 40–42 டிகிரியில் வையுங்கள். விரலால் அழுத்திய பள்ளம் மேலே எழாமல் நின்றால் நிறுத்திவிடலாம்.

கல்லீரலைக் கலைத்துப் பெற்ற செல்கலவையிலிருந்து ஹெபடோசைட்டுகளை (கல்லீரலின் முதன்மைச் செல்கள்) 50 ஜியில் 3 நிமிடம் வீதம் இரண்டு மூன்று முறை சுழற்றி ஒதுக்குங்கள். மேல்நீரை 350 ஜியில் 10 நிமிடம் சுழற்றி வரும் படிவை 25, 50 சதவீத பெர்கால் (அடர்த்திவாரியாகச் செல்களைப் பிரிக்கும் திரவம்) அடுக்கின் மேல் மெதுவாக ஊற்றி, 900 ஜியில் 20 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்றுங்கள். இரு அடுக்குகளும் சந்திக்கும் வளையத்தில் நம் செல்களோடு குப்ஃபர் செல்களும் இருக்கும். பூச்சில்லாத பிளாஸ்டிக்கில் 10–15 நிமிடம் வைத்தால் குப்ஃபர் செல்களில் பெரும்பகுதி ஒட்டிக்கொள்ளும், எல்லாம் ஒட்டாது. ஆகவே மிதப்பதைச் சிடி146 என்ற மேற்பரப்புப் புரதத்தைப் பிடிக்கும் காந்தமணிகளாலும் பிரிப்பது நல்லது. அதற்கு முன் சிடி16/32 ஆண்டிபாடியால் எஃப்சி ரிசெப்டரை அடைக்க மறக்காதீர்கள்: இந்தச் செல்களில் அது மிகுதி, கொடுக்கும் எந்த ஆண்டிபாடியையும் பற்றிக்கொள்ளும்.

கொலாஜன் பூசிய கிணறுகளில் சதுர செ.மீ.க்கு 3 முதல் 5 லட்சம் செல்கள் விதைத்து, 2 மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். இனிக் கடிகாரம்தான் எதிரி. ஒன்றிரண்டு நாளில் செல்லின் நுண்துளைகளான ஃபெனஸ்ட்ராக்கள் மறைந்து செல்கள் சாதாரண நுண்குழாய்ச் செல்களைப்போல் மாறிவிடும். மேற்பரப்பில் சிடி31 புரதம் ஏறுவது அதற்கான அறிகுறி. 5 சதவீத ஆக்ஸிஜன் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தடுக்காது. முதல் 24 மணி நேரத்துக்குள் சோதனையை முடித்துவிடுங்கள்.

தூய்மையைப் பார்க்க ஸ்டாபிலின்-2 (நம் செல்களின் அடையாளம்), எஃப்4/80 (குப்ஃபர் செல்களின் அடையாளம்) இரண்டையும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அளந்து, கூடவே ஒளிரும் நிறமி கோர்த்த ஃபார்மால்டிஹைடு-அல்புமினை விழுங்குகிறதா என்றும் பாருங்கள். ஒரு சதவீதக் குப்ஃபர் செல்கூட டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தின் அளவைக் குழப்பிவிடும். கட்டுப்பாடாக, குளோட்ரனேட் லிபோசோம் கொடுத்துக் குப்ஃபர் செல்களை அழித்த எலியிலிருந்து ஒரு தொகுதி எடுத்துவையுங்கள்.

எல்பிஎஸ்ஸை 0, 1, 10, 100 நானோகிராம்/மி.லி. என்று கொடுங்கள். சீரம் இல்லாவிட்டால் எல்பிஎஸ்ஸைச் செல்லிடம் சேர்க்கும் எல்பிபி புரதம் கிடைக்காது, குறைந்த அளவுகளில் பதில் மங்கிவிடும். ஒவ்வொரு தட்டிலும் எல்பிஎஸ்ஸைச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்ஸின் பி சேர்த்த கிணறு வேண்டும். எல்பிஎஸ்ஸே தராத கிணற்றில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் உயர்ந்து, பாலிமிக்ஸினால் அது தணிந்தால் உங்கள் பஃபரிலோ நொதியிலோ எண்டோடாக்ஸின் இருக்கிறது. முன்பே எல்பிஎஸ் பட்ட செல் மறுமுறை குறைவாகவே பதில் தரும். இந்த மாசு அந்தச் சகிப்பைத் தூண்டிவிட்டால், செல்கள் இயல்பிலேயே அடங்கியவை என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

நியூட்ரோஃபில் ஒட்டுதலை அசையா நீரில் அல்ல, மெதுவான ஓட்டத்தில் பாருங்கள். சைனுசாய்டில் பிடிப்பு பெரிதும் நியூட்ரோஃபிலின் சிடி44 புரதத்துக்கும் எண்டோதீலியத்தின் ஹயலுரோனன் எனும் சர்க்கரைச் சங்கிலிக்கும் இடையில் நடப்பது. அதை வெட்டும் ஹயலுரோனிடேஸ் நொதி கொடுத்த கிணற்றில் ஒட்டுதல் குறையாவிட்டால், டிஷ்ஷில் நீங்கள் காண்பது வேறு வழியில் நடக்கும் ஒட்டுதலாக இருக்கலாம். செல்கள் மாறிவிட்டனவா என்று சிடி31-ஐத் திரும்பப் பாருங்கள்.